பதினைந்தாம் நம்பர் தாள்

அன்று பஸ்ஸில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

வங்காளப் பையன் ஒருவன். பிரெஞ்சு வகுப்பில் இடம் இல்லாததால் தமிழுக்கு வந்தவன். தெலுங்கு இரட்டைப் பெண்கள் இருவர். அவர்கள் அம்மா சித்தூர்க்காரர். வீட்டில் தமிழ்ப் படம் ஓடும், அது போதும் என்று சேர்த்துவிட்டார். மலையாளப் பிள்ளைகள் மூவர். அதில் ஒருத்தி பாலக்காடு. மற்ற இருவரும் அவள் பக்கத்தில் உட்காருவதற்காக வந்தவர்கள். கோவாக்காரப் பையன் ஒருவன், இந்தியில் இரண்டு முறை ஃபெயில். குஜராத்திப் பையன் ஒருவன். அவன் அப்பாவுக்குத் துணிக்கடை, தமிழ் தெரிந்தால் வியாபாரத்துக்கு ஆகும் என்று அவர் நினைத்தார். சிலோன் முஸ்லிம் பெண் ஒருத்தி. சர்தார் பையன் ஒருவன். அவன் ஏன் தமிழுக்கு வந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கீழக்கரைக் கடைக்காரர் மகள் ஒருத்தி. பிரெஞ்சிலிருந்து துரத்திவிடப்பட்ட மதுரைப் பையன் ஒருவன்.

பிள்ளைகள் பன்னிரண்டு. பிறகு டீச்சர். பிறகு பஸ் ஆயா. பிறகு நான். நான் டிரைவர்.

இடம் ஃபஹாஹீல், அரபு நாடு. ஓர் இந்தியப் பள்ளிக்கூடம். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். நான் பெரம்பலூர்ப் பக்கம். படித்தது ஐந்தாவது. அதுவும் முழுசாக இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இங்கிலீஷில் படித்தார்கள். சட்டப்படி அரபியும் படித்தார்கள். அது போக இந்தி, மலையாளம், உருது, பிரெஞ்சு, தமிழ் இதில் ஒன்றை எடுக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். என் பஸ்ஸில் மட்டும் இருபத்திரண்டு பேர். எல்லோரும் பிரெஞ்சு எடுத்தார்கள். பிரெஞ்சில் மார்க் கொட்டும் என்று பேச்சு.

என் பஸ்ஸில் ஓர் இன்ஜினியர் மகன் வந்தான். அப்பா அங்கே தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். வெள்ளிக்கிழமை தோறும் மேடையில் தாய்மொழியைப் பற்றிப் பேசுவார். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கே ஒருமுறை கலங்கியது. மகன் பிரெஞ்சு. பஸ் ஸ்டாப்பில் அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"அது வீட்ல பேசுறதுதானே டிரைவரண்ணே," என்றார். "ஸ்கூல்ல போயி எதுக்கு?"

வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று மகனிடம் கேட்டேன். இங்கிலீஷில் பதில் சொன்னான்.

தமிழுக்கு வகுப்பறை இல்லை. முதல் வருஷம் பாட்டு அறையில் நடந்தது. பிறகு பிரெஞ்சுக்கு ஆள் கூடி அந்த அறையை எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் வராந்தாவில் நின்றார். மே மாதம். அந்த வெயிலில் வராந்தாவும் வெளிதான். நான்காம் நாள் என்னிடம் வந்து, பஸ் மூன்றாம் பீரியடில் சும்மாதானே நிற்கிறது என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏசி போடுவீர்களா என்றார். போட்டேன்.

அதிலிருந்து தமிழ் வகுப்பு பஸ்ஸில்தான்.

ஏசிக்காக இன்ஜின் ஓட வேண்டும். இன்ஜின் ஓடினால் டிரைவர் சீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது கம்பெனி ரூல். அதனால் நானும் வகுப்பில் இருந்தேன். பஸ்ஸில் பிள்ளைகள் இருந்தால் ஆயா இருக்க வேண்டும் என்பது இன்னொரு ரூல். அதனால் அவளும் இருந்தாள். நான் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ரோடு இல்லை, எதிரே சுவர். பாடம் முதுகுப் பக்கமாக வரும்.

போர்டு கிடையாது. டீச்சர் ஜன்னல் கண்ணாடியில் மார்க்கரால் எழுதுவார். பீரியட் முடிந்ததும் பிள்ளைகள் துடைக்க வேண்டும். துடைக்க மாட்டார்கள். ஒருநாள் மதிய டிரிப்பில் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் போலீஸ் நிறுத்தியது. கண்ணாடியைக் காட்டி என்ன இது என்று அரபியில் கேட்டான். பள்ளிக்கூடப் பாடம் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்றான். அவன் நின்ற ஜன்னலில் எருமை என்று இருந்தது. எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. ஜாமூஸ் என்றேன். எருமைக்கு அரபியில் அதுதான்.

யார் எருமை என்று கேட்டான்.

யாரும் இல்லை, பாடம் என்றேன். அவன் அடுத்த ஜன்னலைக் காட்டினான். ஏணி என்று இருந்தது. ஏணிக்கு அரபி தெரியாது. கையைக் காலை ஆட்டி ஏறிக் காட்டினேன். எருமை எதற்கு ஏறுகிறது என்று கேட்டான். ஆயா இறங்கி வந்து துணியால் இரண்டு ஜன்னலையும் துடைத்தாள். கலாஸ், முடிந்தது என்றாள். போகச் சொல்லிவிட்டான்.

ஆயா மட்டக்களப்பு. இந்த வேலைக்கு வருமுன் ஒரு அரபி வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தவள். பஸ்ஸில் அவளுடைய வேலை எண்ணுவது. ஒவ்வொரு டிரிப்பிலும் சீட் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். எண்ணி, கதவோரம் கொக்கியில் தொங்கும் தாளில் இங்கிலீஷில் பேர்களை எழுதி மொத்தம் போடுவாள். வண்டிக்குள் எத்தனை உயிர் இருக்கிறதோ அத்தனையும் தாளில் வர வேண்டும். விபத்து என்றால் அந்தத் தாளை வைத்துத்தான் ஆள் தேடுவார்களாம். அதனால் டிரைவரும் கணக்கில் உண்டு, அவளும் உண்டு. அவள் எண்ணி முடிக்காமல் நான் கியர் போட முடியாது. மூன்றாம் பீரியடில் வண்டி நகராது. அதற்கும் எண்ணி எழுதுவாள். நகராத வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன். "நிக்கிற வண்டியிலயும் சாகலாம் அண்ணன்," என்றாள்.

டீச்சர் பாடம் நடத்தும்போது பின் சீட்டிலிருந்து இவளும் சொல்லிக் கொடுப்பாள். பக்கத்தில் சர்தார் பையன். அவன் டீச்சரிடம் கற்றதைவிட இவளிடம் கற்றது அதிகம். டீச்சர் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டால், "ஓம் டீச்சர், முடிச்சிட்டன்" என்பான். கேட்கக் கேட்க டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியாது. தமிழ்தான். தப்பு என்றும் சொல்ல முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருஷ ஆரம்பத்தில் கோஆர்டினேட்டர் மேடம் ஒரு சுற்றறிக்கை விட்டார். எந்த மொழிக்கும் குறைந்தது பதினைந்து பேர் இருக்க வேண்டும். அரையாண்டுப் பரீட்சையில் ஒருவர்கூட ஃபெயில் ஆகக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த மொழியை எடுத்துவிடுவார்கள். பாஸ் மார்க் முப்பத்துமூன்று.

முந்தின வருஷம் தமிழுக்குப் பதினேழு பேர். அதில் ஐந்து பேரின் அப்பாக்கள் கோடை லீவில் வேறு நாட்டுக்கோ ஊருக்கோ போய்விட்டார்கள். பன்னிரண்டு மிச்சம்.

டீச்சர் வந்தது பள்ளிக்கூட விசாவில். வேலை போனால் விசா போகும். அவர் வீட்டுக்காரருக்கு ஏழு மாதமாக வேலை இல்லை. பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படித்தது. மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். டீச்சர் இதையெல்லாம் என்னிடம் அழுது சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

தமிழ் வீடுகளுக்கு ஏறி இறங்கினார். மூன்று பேர்தானே வேண்டும். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். பிள்ளை கொடுக்கவில்லை. இன்ஜினியர் வீட்டில் முறுக்கும் கொடுத்தார்கள்.

ஆள் கணக்கு எடுக்கும் நாள் வந்தது. நான் முதலில் சொன்ன நாள் அதுதான். மற்ற மொழிகளுக்கு ஆபீஸ் கிளார்க் வகுப்பறைக்குப் போய் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்து எழுதினார். அவர் எகிப்துக்காரர், வயதானவர். தமிழுக்கு அறை இல்லை, பஸ்ஸில் நடக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வெயிலில் வந்து படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே ஏறவில்லை. வகுப்பில் யார் யார் என்று கேட்டார். டீச்சர் ரெஜிஸ்டர் பையில் கிடந்தது, பை பின்னால் கிடந்தது. டீச்சர் எடுக்கப் போவதற்குள் அவர் கொக்கியில் தொங்கிய தாளைப் பார்த்தார். பேர்கள் இருந்தன, அடியில் மொத்தம் இருந்தது. உருவிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து லிஸ்ட் வந்தது. தமிழ், பதினைந்து பேர். பஸ் தாளில் வகுப்பு எழுதும் இடம் இல்லை. கிளார்க்கே வகுப்பும் போட்டிருந்தார்.

டீச்சர் லிஸ்டை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க ஏழாங்கிளாஸ் பி செக்ஷன்."

"சரி," என்றேன்.

"நான் எட்டாங்கிளாஸ்."

ஆயா தன்னுடையதைக் கேட்டாள். ஆறாவது. அவள் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு ஏழு, எனக்கு ஆறா? நான் ஓ லெவல் எழுதின ஆள் அண்ணன்," என்றாள். அது அவர்கள் ஊர்ப் பத்தாவது.

டீச்சர் நேர்மையானவர். ஆபீசுக்குப் போய்த் திருத்தச் சொல்கிறேன் என்று இறங்கினார். பாதி தூரம் போனார். நின்றார். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார்.

ஆயா சொன்னாள்: "பஸ்ஸுக்குள்ள எத்தினை பேர் எண்டு எழுதிறது என்ர வேலை. எழுதினன். அதில ஒரு பொய்யும் இல்ல. அவர் எடுத்துக்கொண்டு போனா நான் என்ன செய்ய?"

கோஆர்டினேட்டர் மேடம் வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம் இருந்தது. அவர் வரவில்லை. பஸ் வாடை அவருக்கு ஆகாது, குமட்டும்.

அரையாண்டுப் பரீட்சைக்கு வினாத்தாள் பதினைந்து வந்தது. விடைத்தாள் பதினைந்து திரும்ப வேண்டும், ஆப்சென்ட் கூடாது என்று குறிப்பும் வந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைத்தார்.

ரூமில் எட்டுப் பேர் தங்கியிருந்தோம். டூட்டி முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து எழுதுவேன். எதிர்க் கட்டில் அறந்தாங்கிக்காரன் அயர்ன்பாக்ஸை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "மாமா கலெக்டராயிட்டா நம்மள மறந்துராதீங்கப்பா," என்றான். கீழ்க் கட்டில் ஆள், கலெக்டருக்கும் கஃபீல் கையெழுத்து வேணும்டா என்றான். கஃபீல் என்றால் விசா கொடுத்த அரபி முதலாளி. எழுத்து எனக்கு மறந்திருக்கவில்லை. கைதான் மறந்திருந்தது. ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பென்சில் நிற்காது.

பரீட்சையும் பஸ்ஸிலேயே. கண்காணிக்க டிராயிங் மாஸ்டரை அனுப்பினார்கள். ஒடிசாக்காரர். டீச்சர் தாள் எழுதுவதைப் பார்த்தார். மாதிரி விடை எழுதுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ. ஆயா எழுதுவதைப் பார்த்தார். நான் எழுதுவதைப் பார்த்தார். டிரிப் ஷீட் எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார். ஏசி நன்றாக இருந்தது. தூங்கிவிட்டார்.

டிரைவர் சீட்டில் மேஜை கிடையாது. ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதினேன். அழுத்தி எழுதினால் ஹார்ன் அடித்தது. ஒவ்வொரு முறையும் மாஸ்டர் திடுக்கிட்டு எழுந்து, பிள்ளைகளைப் பார்த்து ஸைலன்ஸ் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். பரீட்சை முழுக்க ஏழெட்டு முறை அடித்தது. ற எழுதும்போதுதான் அதிகம்.

கடைசிக் கேள்வி கடிதம். பத்து மார்க். உடல்நலக் குறைவால் மூன்று நாள் விடுப்பு வேண்டித் தலைமை ஆசிரியருக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லியிருந்தது. மற்றதெல்லாம் மனப்பாடம். இது எனக்குத் தெரிந்த விஷயம். எழுதினேன்.

டீச்சர் எல்லாத் தாளையும் திருத்தினார். தன் தாளையும் தானே திருத்தித் தொண்ணூற்றெட்டு போட்டார். ரெண்டு மார்க் எதுக்கு டீச்சர் கொறச்சீங்க என்று கேட்டேன். கையெழுத்துக்கு என்றார். ஆயாவுக்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு முப்பத்தாறு. சலுகை இல்லை அண்ணே, உள்ளபடிதான் போட்டேன் என்றார். நானும் கேட்கவில்லை.

தப்பித்தோம் என்று நினைத்தோம். அப்போதுதான் மேனேஜ்மென்ட் சொன்னது, சின்ன மொழிகளின் தாள்களை வெளியாள் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும், அவர் போடுவதுதான் முடிவு. தமிழ் படிக்கத் தெரிந்த வெளியாள் வேண்டும். சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டார்கள். இன்ஜினியர் வந்தார்.

அவருக்கும் அறை இல்லை. பஸ்ஸுக்கே அனுப்பினார்கள்.

எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் தாள்கள். தாளில் பேர் இல்லை, நம்பரும் வகுப்பும் மட்டும். திருத்தும்போது டீச்சர் உள்ளே இருக்கக் கூடாது என்று ரூல். டீச்சர் கீழே சுவரோரம் நின்றார். நிழல் இல்லை. கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டார். ஆயா பின் சீட்டில். நான் இன்ஜினைப் போட்டு ஏசியைக் கூட்டினேன்.

முதல் தாளை எடுத்தார். அது வங்காளப் பையன் தாள். "பாருங்கண்ணே, இது அசல் தஞ்சாவூர்க் கை," என்றார். "ரத்தத்துல வரணும் இதெல்லாம்."

பத்தாம் நம்பர் சர்தார் பையன். படித்துவிட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று படிக்கிறது போல, அகதியாக வந்த குடும்பமாக இருக்கும், பாவம் என்றார். ஆயா பின்னால் இருமினாள்.

பதின்மூன்றைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது டீச்சர் தாள். இந்தப் பெண்ணைப் பொங்கல் விழாவில் பேச வைக்க வேண்டும், பெற்றோர் யாரென்று விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். பதினான்கில் ஒரு மார்க் கூட்டினார்.

பதினைந்தாம் நம்பர் வந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"கோழி கிண்டுன மாதிரி இருக்கு," என்றார். "இவனோட அப்பன் என்ன பண்றான்? வீட்ல ஒக்காந்து ரெண்டு எழுத்து சொல்லிக் குடுக்க மாட்டானா?"

"டூட்டி இருக்கும் சார்," என்றேன்.

"எனக்கில்லாத டூட்டியா?"

சிவப்புப் பேனாவால் வெட்ட ஆரம்பித்தார். ல போட வேண்டிய இடத்தில் ள. அரை மார்க். ர போட வேண்டிய இடத்தில் ற. அரை மார்க். நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தது, இது என்ன எழுத்து என்று கேட்டார். அது ஹார்ன் அடித்தபோது கை இழுத்தது. தெரியவில்லை சார் என்றேன். அதற்கு ஒரு மார்க். நான் மனதில் கழித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தைந்து. முப்பத்துமூன்றரை. முப்பத்திரண்டு, ஃபெயில். கீழே டீச்சர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவருக்கு உள்ளே பேசுவது கேட்காது. பேனா ஆடுவது தெரியும்.

முப்பத்தொன்றில் நின்றது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கடிதம். அதற்கு டீச்சர் நாலு போட்டிருந்தார். கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்று ஓரத்தில் குறித்திருந்தார்.

இன்ஜினியர் வாய்விட்டுப் படித்தார்.

"மதிப்புக்குரிய ஐயா. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. ஆனாலும் லீவு வேண்டும். மூன்று நாள் பத்தாது. நாற்பத்தைந்து நாள் வேண்டும். ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகளுக்கு இப்போது ஆறு வயது. போனில் மாமா என்கிறாள். பாஸ்போர்ட் உங்கள் ஆபீஸில்தான் இருக்கிறது. திரும்பி வந்துவிடுவேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்."

நிறுத்தினார். ஆயா பின்னால் சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது, இத்தோடு முடிந்தது என்று. இதை எந்தப் பிள்ளை எழுதும்?

அவர் மறுபடி ஒருமுறை படித்தார், வாய்க்குள்ளேயே. பிறகு என் முதுகைத் தட்டினார்.

"டிரைவரண்ணே, கேட்டீங்களா? ஏழாங்கிளாஸ் பையன். அப்பனா தன்னை நெனச்சு எழுதியிருக்கான். இந்த வயசுல எப்படி ஒரு கற்பனை."

"ஆமாங்க சார்," என்றேன்.

"என் பையனுக்கு வராது இது," என்றார். கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

நாலை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். ஓரத்தில் கற்பனைக்கு என்று குறித்தார். முதல் பக்கத்துக்குத் திருப்பிப் பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் கூட்டினார். ஒருமுறை கூட்டிச் சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து கூட்டினார். பின்னால் ஆயாவும் விரல் விட்டுக்கொண்டிருந்தாள். கீழே டீச்சர் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார். இன்ஜினியர் மொத்தத்தை எழுதி, வட்டம் போட்டு, தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

முப்பத்துநான்கு.